நெட்டி எடுத்த கழுத்து

என் வீட்டுக்காரர் கண்ணடிக்கிறார் என்று முதலில் கேலி செய்தவள் நான்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்கவே யோசிக்கிற மனிதர், ஒரு நாள் காலையில் அடுப்படி வாசலில் இடது கண்ணைப் பாதி மூடியபடி நின்றார். "என்னங்க, இந்த வயசுல யாரப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க? பக்கத்து வீட்டு ஜன்னல் தெறந்து கெடக்கா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கழுத்து வலி உசுரு போகுது. ராத்திரி பூரா காதுக்குள்ள பொஸ்ஸு பொஸ்ஸுன்னு ஒரு சத்தம். பம்பு ஸ்டவ் எரியிற மாதிரி கேட்டுக்கிட்டே கெடக்கு" என்றார்.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். வகுப்பில் என் குரலுக்குப் பிள்ளைகள் நடுங்கும், வீட்டில் அந்தக் குரலுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. அவர் வேன் ஓட்டுகிறார். சீசனில் டூரிஸ்டுகள், மற்ற மாதங்களில் கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு. அவருக்குச் சொந்த ஊர் பழனி. அவருடைய அக்கா இன்னமும் அங்கே அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார்.

இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் பெருமாள்மலையில் வந்து சேர்கின்றன. அங்கே ஒரு டீக்கடை. இறக்கம் இறங்குகிறவர்கள் அங்கே நிறுத்தி டீ குடிப்பார்கள், டயரைக் காலால் எத்திப் பார்ப்பார்கள், கடைசியாகக் கழுத்தில் நெட்டி எடுத்துக்கொள்வார்கள். வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிற கழுத்துக்கு அது ஒரு சுகம். சுகமாக ஆரம்பித்தது போகப் போக சாஸ்திரமாகிவிட்டது. இரண்டு பக்கமும் சத்தம் வந்தால் வண்டி பத்திரமாகக் கீழே போய்ச் சேரும். ஒரு பக்கம் வராவிட்டால் பிரேக் சூடாகும், டயர் பஞ்சராகும், இல்லாவிட்டால் செக்போஸ்ட்டில் மறிப்பார்கள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

அந்தக் கடையில் நெட்டி எடுக்கிற கை ஒன்றுதான். என் வீட்டுக்காரரின் கூட்டாளியுடைய கை. அவனும் வேன் டிரைவர், வயதில் சின்னவன், அவரை அண்ணே என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுகிறவன். அவன் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தது. அவன் அம்மா அங்கே கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி இழுத்தவர், இங்கே வந்த பிறகும் காப்பித் தோட்டத்தில் மூட்டை சுமந்தவர். வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் மகனைக் கூப்பிட்டுக் கழுத்தைக் கொடுப்பாராம். அவர் காலமான பிறகு அந்தக் கை டிரைவர்களுக்கு வந்தது. தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான், பேச்சின் நடுவில் வெடுக்கென்று ஒரு திருப்பு. ராசியான கை என்று பெயர் வாங்கியிருந்தான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் என் வீட்டுக்காரரின் கழுத்து அவனுக்கு இடக்குப் பண்ணியிருக்கிறது. வலது பக்கம் உடனே சத்தம் வந்துவிட்டது, இடது பக்கம் வரவில்லை. திரும்ப முயன்றும் வரவில்லை. சுற்றி நின்றவர்கள், "என்னப்பா, கைராசி போயிருச்சா?" என்று உசுப்பேற்றியிருக்கிறார்கள். அவனும் ரோஷத்தில் கொஞ்சம் பலமாகத் திருப்ப, 'படக்'கென்று வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் அவருக்கு இடது கழுத்திலும் கண்ணுக்குப் பின்னாலும் வலி பிடித்துவிட்டது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எங்கள் எல்லோருக்கும் அது சுளுக்கு. தைலம் தேய்த்தேன், சூடாகத் துணி ஒத்தடம் கொடுத்தேன், தலையணையை மாற்றிப் போட்டேன். கண் இமை இறங்கியதற்கும் காரணம் சொன்னார்கள். பனி பட்டது என்றார் ஒருவர், கண் திருஷ்டி என்றார் இன்னொருவர். கூட்டாளி வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. எதிர்த் தெசையில ஒரு நெட்டி எடுத்துவிட்டா சரியாப் போயிரும்" என்றான். பழனியிலிருந்து அக்கா போனில், ஆயக்குடியில் ஒருவர் சுளுக்கு எடுக்கிறார், தலையைத் துண்டால் கட்டி ஒரே இழுப்பில் சரிசெய்துவிடுவார், சனிக்கிழமை வந்து சேர் என்றார்.

சனிக்கிழமை எனக்கும் வத்தலக்குண்டில் ஒரு சோலி இருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும், அங்கே ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் காலை நேரத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். முதலில் அது, அங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியாக ஆயக்குடி என்று பேச்சு. வலியோடு அவரே வேனை ஓட்டினார்.

பெருமாள்மலை வந்ததும் வேகத்தைக் குறைத்தார். "இரு, அவன் நிப்பான். அந்த எதிர் நெட்டிய எடுத்துக்கிட்டு வெரசா வந்துர்றேன்" என்றார். டீக்கடைக்குள் இந்த ஆண்கள் போனால் வெரசாக வந்த சரித்திரமே கிடையாது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இங்கன நிப்பாட்டுனீங்கன்னா நான் எறங்கி பஸ்ஸுல போயிருவேன். டாக்டரு எனக்காகக் கடையத் தெறந்து வச்சிட்டு ஒக்காந்திருப்பாங்களா? ஒங்க கழுத்த ஆயக்குடியில போயி முறிச்சுக்கலாம், வண்டிய எடுங்க" என்று கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். என் முன்கோபத்தை மாமியார் வீடும் பள்ளிக்கூடமும் சேர்ந்து திட்டியிருக்கின்றன. அது உருப்படியாக ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.

கண் ஆஸ்பத்திரியில் எனக்குச் சொட்டு மருந்து ஊற்றி உட்கார வைத்தார்கள். கண்பாவை விரிந்து எதிரில் இருந்த காலண்டர் கூடத் தெரியாமல் எல்லாம் கலங்கிப் போனது. அவர் பக்கத்து பெஞ்சில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா வேறு யாரையோ கூப்பிட வெளியே வந்தவர், அவரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"இந்தக் கண்ணு எப்ப இருந்து இப்பிடி இருக்கு?"

"அவருக்கு இல்லைங்க, எனக்குத்தான் பாக்கணும்" என்றேன் நான்.

"உங்களுக்கு அப்புறம் பாக்கலாம். சார், நீங்க உள்ள வாங்க."

இருட்டு அறைக்குள் கூட்டிப்போய் விளக்கை அணைத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். இருட்டில் வலது கண்பாவை விரிகிறது, இடது விரியாமல் கடுகு மாதிரி நிற்கிறது என்றார். கழுத்து வலி உண்டா, தலைவலி உண்டா, காதில் நாடி மாதிரி சத்தம் கேட்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டப் போனார். "தலைய ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. அந்த இடத்தில்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"கழுத்தை யாராவது திருப்பி விட்டாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டீக்கடை நெட்டியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்றைக்கு எதிர்ப் பக்கம் எடுக்க இருந்ததையும், ஆயக்குடியில் துண்டு கட்டி இழுக்க இருந்ததையும் நான் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியை அவருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூளைக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய் கழுத்துல ஓடுது, கரோட்டிட்னு சொல்லுவோம். அதோட உள்சுவர் கிழிஞ்சிருக்கோன்னு சந்தேகமா இருக்கு. கண்ணுக்குப் போற ஒரு நரம்பு அந்தக் குழாயை ஒட்டித்தான் ஏறுது, குழாய் வீங்கினா அது நசுங்கும், அதான் இமை இறங்கியிருக்கு. இனி இவர் கழுத்தை யாரும் தொடக்கூடாது. எண்ணெய் கூடத் தேய்க்காதீங்க. இப்பவே மதுரைக்குப் போங்க. இவர் வண்டி ஓட்டக்கூடாது."

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மாவே போன் செய்து சொன்னார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன், கதவு எது சுவர் எது என்று தெரியவில்லை. எனக்கு இரண்டு கண்பாவையும் அகலத் திறந்து கிடக்க, அவருக்கு ஒன்று சுருங்கிக் கிடந்தது. இரண்டு பேரில் ஒருவரும் வண்டி ஓட்ட லாயக்கில்லை. "அவன் டீக்கடையிலருந்து எறங்கி இந்நேரம் இங்க மார்க்கெட்டுக்கு லோடு கொண்டாந்திருப்பான், கூப்பிடு" என்றார் அவர். நம்பரை அழுத்தக் கூடத் தெரியாமல் போனை நர்ஸிடம் கொடுத்தேன். கூட்டாளி தன் வண்டியை மார்க்கெட்டிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தான். என்ன ஏது என்று கேட்காமல் எங்கள் வேனை எடுத்தான்.

நிலக்கோட்டை தாண்டி ஒரு கடையில் நிறுத்தி, அண்ணன் காலையிலிருந்து வெறும் வயிறு என்று டீ வாங்கிக் கொண்டுவந்தான். அவர் வலது கையில் வாங்கினார். வாங்கிய கப் அப்படியே நழுவி மடியில் கொட்டியது. சூடு பட்டும் கையை எடுக்கவில்லை. "என்னங்க, என்னங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "சாவி" என்றார். பிறகு திரும்பவும், "சாவி… சாவி" என்றார். கூட்டாளி, "சாவி வண்டியிலதாண்ணே இருக்கு" என்றான். அவர் கேட்டது சாவி இல்லை என்று அவர் குரலிலேயே எனக்குப் புரிந்தது. மருந்து ஊற்றிய என் கண்ணுக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. தடவித்தான் பார்த்தேன், வாய் ஒரு பக்கம் லேசாகத் தொங்கியிருந்தது. பழனி ஆண்டவனைக் கூப்பிட்டேனா, அவரைக் கூப்பிட்டேனா, தெரியாது.

கூட்டாளி வண்டியைப் பறக்கவிட்டான். நான் அந்த வலது கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு விரல் அசைந்தது. அப்புறம் எல்லா விரலும் சேர்ந்து என் கையைப் பிடித்தன. மூச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கூட்டாளி கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு வந்தான். "மதினி, டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க? எப்பிடி ஆச்சாம்?" என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்லியிருப்பேன், அவ்வளவு ஆத்திரம். அதற்குள் அவர் என் கையை அழுத்திவிட்டு, "தூங்குறப்ப தலகாணி வெலகிருச்சுடா, அதான்" என்றார்.

பேச்சு போய் வந்த மனிதர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. அதுவும் பொய். ஆனாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்ததே என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன்.

மதுரையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். இறங்கியதும் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, கழுத்து ஆடாமல் இரண்டு பக்கமும் மணல் பை வைத்து ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூட்டாளியும் வராந்தாவில் நின்றோம். மருந்து இறங்கி என் கண் தெளிய ஆரம்பித்தபோது நான் முதலில் தெளிவாகப் பார்த்தது அவன் கால்களைத்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

நரம்பு டாக்டர் வந்து எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். வயதில் என் பழைய மாணவன் போல இருந்தார், ஆனால் பொறுமையாகச் சொன்னார். நான் போட்டிருந்த ஜெர்கினைக் காட்டி, "டீச்சர், இதுல உள்பக்கம் லைனிங் துணி கிழிஞ்சா என்ன ஆகும்? சில்லறையப் போட்டா பாக்கெட்டுக்குப் போகாம லைனிங்குக்குள்ள இறங்கி அங்கயே சேந்துரும் இல்லியா? சாருக்கு அதுதான் ஆகியிருக்கு. ரத்தம் குழாயோட சுவருக்குள்ள இறங்கி வீங்கிருச்சு, பாதை குறுகிருச்சு. அங்க கட்டுற ரத்தக்கட்டி துணுக்குத் துணுக்கா பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம். வர்ற வழியில வந்தது அதுல ஒரு சின்னத் துணுக்கு. தானாக் கரைஞ்சிருச்சு. மூளையில பாதிப்பு இல்ல" என்றார்.

"பொழச்சுக்குவாரா?" என்றேன். டீச்சர் கேட்கிற மாதிரியா கேட்டேன், கெஞ்சினேன்.

"வந்திருக்கறது அபூர்வமான கோளாறுதான். ஆனா பெரும்பாலும் தானா ஆறிரும். ரத்தம் கட்டாம இருக்க ஊசி போடுறோம், அப்புறம் சில மாசம் மாத்திரை. ஆறலன்னாத்தான் குழாய்க்குள்ள கம்பி வலை வைக்கிறது, அது நிறைய பேருக்குத் தேவைப்படாது. இந்த முதல் சில நாள்தான் கவனமாப் பாக்கணும்" என்றார். பிறகு எல்லா டாக்டரும் கேட்கிற அதையே கேட்டார். "கழுத்த யாராச்சும் முறிச்சாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். தலையணை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பக்கத்தில் நின்றவன் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான். "நாந்தான் சார்" என்றான்.

டாக்டர் அவனை ஒன்றும் திட்டவில்லை. பலமாகத் தும்மினால் கூட சிலருக்கு இது வரும், சிலருக்குக் காரணமே தெரியாமல் வரும், இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். "ஆனா இனிமே யாருக்கும் செய்யாதீங்க" என்று மட்டும் சொன்னார். அவன் வெளியே போய் வராந்தாச் சுவரோரமாகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். கைகளைக் கக்கத்துக்குள் சொருகிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. நாலு அறை விட்டால் தேவலை என்று இருந்தது. அவன் முன்னால் போய் நின்றேன். ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன். "இப்ப அழுது என்ன ஆகப்போவுது? எந்திரி. போயி இட்லி வாங்கிட்டு வா. நானும் காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அப்பிடியே ஒனக்கும் ஒரு செருப்பு வாங்கு" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனான்.

வார்டில் அந்த முதல் சில நாட்கள், நான் அவரைத் தூங்கவே விடவில்லை. கண் அசந்தால் எழுப்பி, "என் பேரு என்ன சொல்லுங்க, வலது கையத் தூக்குங்க" என்பேன். "ஒன் பேரச் சொல்லிச் சொல்லியே எனக்கு இன்னொரு குழாயும் கிழிஞ்சிரும் போல" என்றார் ஒரு நாள். நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். அவர் கிண்டல் பண்ண ஆரம்பித்ததும்தான் எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கியது. பெரிய பக்கவாதம் வரவில்லை. அந்தக் காது சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

மாத்திரையோடு மலை ஏறினோம். அந்த மாத்திரைக்கு வீட்டில் ஒரு குழந்தையை வளர்ப்பது போல கவனம் வேண்டியிருந்தது. கீரையை ஒரு நாள் அள்ளிப் போட்டு மறுநாள் நிறுத்தக்கூடாது, தினமும் ஒரே அளவு. கண்ட வலி மாத்திரையும் கூடாது. ஷேவ் பண்ணும்போது கீறினால் ரத்தம் சட்டென்று நிற்காது. ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று அடிக்கடி சோதனை. பழனி அக்கா முடிகாணிக்கை நேர்ந்துவிட்டு, எப்போது வருகிறாய் என்று போன் மேல் போன். "மொட்டை போடலாமா?" என்று டாக்டரைக் கேட்டேன். "முருகன் காத்திருப்பாரு டீச்சர். மாத்திரை முடியட்டும்" என்றார்.

ஒவ்வொரு சோதனைக்கும் எங்களைக் கீழே கூட்டிப்போய்க் கூட்டி வந்தவன் கூட்டாளிதான். அவன் மாறிப்போயிருந்தான். முன்பெல்லாம் அவர் தோளில் கை போடாமல் நடக்கத் தெரியாது அவனுக்கு. இப்போது அவர் வண்டியில் ஏறத் தடுமாறினால் கூட என்னைத்தான் கூப்பிடுவான். வண்டியை விட்டு இறங்கிவிட்டால் அவன் கைகள் ஜெர்கின் பாக்கெட்டுக்குள் போய்விடும். அவர் டீ கிளாஸ் நீட்டினால் அதை மேசையில் வைக்கச் சொல்லி அங்கிருந்து எடுத்துக்கொள்வான். "ஏலே, எனக்கு என்ன தொத்து வியாதியா?" என்று இவர் கேட்டால் சிரித்து மழுப்புவான். என் கோபம் என்றைக்கோ ஆறிவிட்டது. அவனைப் பார்க்க எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

டீக்கடையில் நெட்டி எடுப்பதையும் அவன் அன்றோடு விட்டுவிட்டான். மற்ற டிரைவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். "எங்க வண்டி எறங்க வேணாமா?" என்றார்கள். யாராவது தன் தாடையைத் தானே பிடித்துத் திருப்பப் போனால் கடையின் மறு கோடியிலிருந்து, "கைய எடுண்ணே" என்று கத்துவான். அண்ணனுக்கு ஆனதைச் சொல்லுவான். லைனிங் கிழிந்த ஜெர்கினையும் சொல்லுவான். கொஞ்ச நாள் எல்லோரும் சத்தம் வராத கழுத்தோடு கிலி பிடித்து இறக்கம் இறங்கினார்கள். வண்டிகள் வழக்கம் போலப் போய்த்தான் சேர்ந்தன. ஆனாலும் புதிதாக ஒரு எலுமிச்சம்பழம் கூடியது.

மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். பழையதில் குழாய் ஒரு இடத்தில் நூல் மாதிரி இளைத்திருந்தது. புதியதில் மேலிருந்து கீழ் வரை ஒரே பருமன். "லைனிங் ஒட்டிக்கிச்சு டீச்சர்" என்றார். அந்த மாத்திரையை நிறுத்தலாம், வண்டி ஓட்டலாம். சோர்ந்த நேரத்தில் இமை கொஞ்சம் இறங்கும், அது அப்படியே இருந்தாலும் இருக்கும், பயம் இல்லை என்றார்.

அத்தனை மாதம் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. உடனே எனக்குப் பசித்தது. அப்படி ஒரு பசி. ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிச் சாப்பிட்டேன், பிறகு தோசை, அவர் தட்டில் மிச்சம் வைத்ததையும் விடவில்லை. "மெதுவா தின்னு, ஒன்னத் தூக்கிட்டு ஓட எனக்கு இப்பத் தெம்பு இல்ல" என்றார். இமை லேசாக இறங்கியிருந்தது. கண்ணடிப்பது போலவே இருந்தது. இந்தத் தடவை நானும் பதிலுக்குக் கண்ணடித்தேன். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிகாணிக்கைக்கு நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளியும் பழனிக்கு இறங்கினோம். மொட்டை போடுகிறவர் வழக்கப்படி தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, நெற்றியில் கை வைத்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கப் போனார். கூட்டாளி ஓடி வந்துவிட்டான். "அண்ணே, அண்ணே, அவரு தலையத் திருப்பாதீங்க. கழுத்து நேரா இருக்கட்டும். நீங்க சுத்தி வந்து எடுங்க" என்றான். அவர் கத்தியோடு நிமிர்ந்து பார்த்தார். "நல்லாருக்கே கதை. ஜனம் பூரா முருகனச் சுத்தி வருது, நான் இவர சுத்தி வரவா?" என்றார். ஆனாலும் சுற்றி வந்தார். முனகிக்கொண்டே ஒரு பிரதட்சணம் முடித்து, மழமழவென்று வழித்துக் கொடுத்தார். அதற்குள் கூட்டாளியும் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்துவிட்டான். அவன் எப்போது நேர்ந்துகொண்டான் என்று எங்களுக்குத் தெரியாது, அவனும் சொல்லவில்லை. இரண்டு மொட்டைக்கும் அக்கா சந்தனம் பூசிவிட்டார்.

திரும்பும்போது பழனி ரோட்டில் மலை ஏறினோம். கூட்டாளி ஓட்டினான். பெருமாள்மலை வரும்போது மேகம் இறங்கி ரோடே தெரியவில்லை. டீக்கடையில் நிறுத்தினோம். அங்கிருந்த டிரைவர்கள் எல்லோரும் இவரைச் சுற்றிக்கொண்டு விசாரித்தார்கள். பல மாதம் கழித்து அந்தக் கடையில் நின்று டீ குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "இங்கருந்து நான் ஓட்டுறேன்" என்றார்.

சாவி கூட்டாளியின் பாக்கெட்டில் இருந்தது. அவன் அதை எடுத்து வழக்கம் போல மேசையின் மேல் வைத்தான், கையை மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

அவர் சாவியை எடுக்கவில்லை. என் தோளில் கிடந்த மப்ளரை உருவினார். அவனுக்கு முன்னால் போய் நின்று அதை நீட்டினார். "ஏலே, மொட்டத்தலையில குளிரு ஏறுது. கட்டிவிடு" என்றார்.

"மதினி கட்டிவிடுவாங்கண்ணே."

"ஒன்னயத்தான் சொல்றேன்" என்று சொல்லிக் கழுத்தைக் குனிந்து காட்டினார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். பாக்கெட்டிலிருந்து கைகள் வெளியே வந்தன. மப்ளரை வாங்கித் தலையைச் சுற்றி, காதை மூடி, கழுத்துப் பக்கம் கொண்டு வந்தான். இன்னும் தலை நிற்காத பச்சைப் பிள்ளையைத் தூக்குகிறவன் மாதிரி பிடரியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டான். முடிச்சுப் போட்ட பிறகும் கைகளை எடுக்கவில்லை. அவன் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டே இருந்தது. அவரும் தலையை இழுத்துக்கொள்ளாமல் அந்தக் கைகளுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றார்.

கழுத்தில் ஒரு சத்தமும் வரவில்லை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினார்.